கருங்கல் வரிசையும் கிணற்று நீரும்: படுவான்கரைக் கிராமம் ஒன்றின் பாறை வரைபடம்

ஒரே மேட்டு நிலம். நடுவே ஒரு மாட்டுவண்டிப் பாதை. பாதைக்கு மேற்கே இருக்கும் கிணறு புரட்டாதி வரைக்கும் தண்ணீர் தருகிறது. கிழக்கே இருக்கும் கிணறு ஆனி முடியுமுன்பே வற்றிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே நூறு மீற்றர்கூட இல்லை. ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான், வெட்டியவரும் ஒருவரே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்துக்கும் தாந்தாமலைக்கும் இடைப்பட்ட படுவான்கரைக் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்பு எங்களிடம் வந்தது இந்தப் புதிரோடுதான். பொதுக் கிணறு ஒன்றுக்குப் பணம் சேர்ந்திருந்தது. ஒன்றுக்கு மட்டுமே. அதை எங்கே வெட்டுவது?

கிணறுகள் அனைத்தும் தனியார் காணிகளில் இருப்பதால் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வேலை எப்படி நடந்தது, எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தோம் என்பதை மட்டும் முழுமையாகப் பதிவுசெய்கிறேன். கிழக்கில் இதே கேள்வியோடு இருக்கும் கிராமங்கள் பல.

இத்தகைய கேள்விக்கு எங்கள் பக்கத்தில் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். தேங்காயையோ கவைக்கம்பையோ கையில் பிடித்து நடப்பவர் காட்டும் இடம் ஒன்று. நிலத்தின் மின்தடையை அளக்கும் கருவியோடு வருபவர் குறித்துக்கொடுக்கும் இடம் மற்றொன்று. பின்னது பயனுள்ள முறை. ஆனால் கீழே என்ன பாறை எந்தத் திசையில் கிடக்கிறது என்று தெரியாமல் அந்த எண்களை வாசித்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். நீர் நிறைந்த வெடிப்பும் குறைந்த மின்தடையைக் காட்டும். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தராத ஈரக்களியும் குறைந்த மின்தடையைக் காட்டும். எனவே முதலில் பாறை வரைபடம், பிறகு கருவி என்று முடிவுசெய்தோம்.

ஏற்கெனவே தெரிந்தது

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துக்கு முந்திய உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளைத் தாங்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல் இங்கே கிடையாது. உருமாறிய பாறைகளைப் புவிச்சரிதவியலாளர்கள் உயர்நிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விஜயன் தொகுதி, கண்டிப் பகுதியில் உள்ள சிறிய கடுகண்ணாவைத் தொகுதி என்று பிரிக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும்பகுதி விஜயன் தொகுதியில் அமைகிறது. அதன் கிரனைட் சார்ந்த மூலப்பாறைகள் ஏறத்தாழ 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. பின்னர் இன்றைய தென்கண்டங்களும் இந்தியாவும் இலங்கையும் இணைந்திருந்த கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அவை ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு நைஸ் எனப்படும் பட்டை பட்டையான பாறைகளாக மாறின. மேற்கே உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின் மீது தள்ளப்பட்டு ஏறியிருக்கிறது. அந்த எல்லையை ஒட்டித்தான் மஹாஓயா வெந்நீரூற்றுகள் வருகின்றன.

கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமிதான் 1903 இல் தொடங்கிய இலங்கைக் கனிய அளவையின் முதல் பணிப்பாளர். இத்தீவின் பாறைகளை முறையாக நடந்து பார்த்துப் பதிந்த மரபு அவரில் தொடங்குகிறது என்பதை எங்கள் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். இன்று அந்தப் பொறுப்பைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் வகிக்கிறது. அதன் பாறை வரைபடங்கள் 1:100,000 அளவுத்திட்டத்தில் கிடைக்கின்றன. எங்கள் வேலையின் அடிப்படை அதுவே. ஆனால் அந்த அளவுத்திட்டத்தில் தாளின் ஒரு மில்லிமீற்றர் நிலத்தின் நூறு மீற்றர். வற்றும் கிணறும் வற்றாத கிணறும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. மாவட்ட அளவிலான கேள்விக்கு வரைந்த தாளிடம் ஒரு வளவின் கேள்வியைக் கேட்க முடியாது. நாங்கள் 1:10,000 இல் வரைந்தோம். ஒரு மில்லிமீற்றருக்குப் பத்து மீற்றர். கையடக்க ஜி.பி.எஸ். கருவி திறந்த வெளியில் காட்டும் சில மீற்றர் பிழை அந்தத் தாளில் பேனை முனையின் அகலத்துக்குள் மறைந்துவிடும்.

பெரும்போக அறுவடை முடிந்த பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். அப்போது வயல்களில் ஒட்டு மட்டுமே நிற்கும், வரம்புகள் தெரியும், ஓடைகளில் நீர் இறங்கி அடிப்பாறை வெளிப்படும், சேனைக்காக எரித்த துண்டுகளில் நிலம் மூடாக்கின்றிக் கிடக்கும். மாரியில் இதே நிலத்தில் எதையும் பார்க்க முடியாது. ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் பாறைமேல் முற்பகலுக்குப் பிறகு நிற்க முடியாது. யானை நடமாட்டம் காரணமாக மாலை நான்கு மணிக்கு முன் பற்றைக்காட்டிலிருந்து வெளியேறிவிட வேண்டும் என்பது கிராமத்தவர் விதித்த நிபந்தனை. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக 2017 இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் எந்தக் காணிக்குள் நுழைவதற்கும் முன்பு உரியவரைக் கேட்டே நுழைந்தோம். கேட்டுவிட்டுப் போனால் வேலையும் இலகுவாகிறது. காணிக்காரர் கூடவே நடந்து வருவார்.

மலையில் கிடைத்த அளவீடுகள்

கிராமத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு மொட்டை மலை இருக்கிறது. தாந்தாமலையையும் குடும்பிமலையையும் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது: சமதரையிலிருந்து திடீரென எழும் வழுவழுப்பான பாறை முதுகு. பாறை அதிகமாக வெளித்தெரியும் இடத்தில் தொடங்குவது நல்லது என்பதால் அங்கிருந்து தொடங்கினோம்.

பாறை வரைபடத்தின் அடிப்படை அளவீடுகள் இரண்டு. நைஸ் பாறையில் வெளிர் கனியங்களும் கருமைக் கனியங்களும் பட்டை பட்டையாகத் தளமாக அமைந்திருக்கும். அந்தத் தளத்தில் கிடையாக ஒரு கோடு வரைந்தால் அது காட்டும் திசை நீள்திசை. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகத் தளம் எந்தப் பக்கம் எத்தனை பாகை இறங்குகிறது என்பது சாய்வு. திசைகாட்டியும் சாய்வுமானியும் சேர்ந்த ஒரு கருவி இரண்டையும் தரும். கிழக்கில் காந்த வடக்கு மெய் வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்காக விலகியிருப்பதால் அந்தத் திருத்தத்தை முதல் நாளே கருவியில் செய்துவிட வேண்டும். சுத்தியலையும் மோட்டார் சைக்கிளையும் கருவியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

மொட்டை மலைகளில் புதியவர்களைத் திசைதிருப்பும் ஒரு பொறி உண்டு. மேலே கிடந்த பாறைச் சுமை காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட்டபோது, அழுத்தம் தளர்ந்த பாறை தன் மேற்பரப்புக்கு இணையாகவே தகடு தகடாகப் பிளந்திருக்கும். வெங்காயத்தின் மடல்களைப் போன்ற அந்தத் தகடுகள் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும். நைஸின் உண்மையான பட்டைகளைவிடத் தெளிவாகவே தெரியும். கருவியை அவற்றின்மேல் வைத்தால் கிழக்குச் சரிவில் கிழக்குச் சாய்வும் மேற்குச் சரிவில் மேற்குச் சாய்வும் கிடைக்கும். தாளில் அது அழகான ஒரு கவிகை மடிப்பாக விழும். அப்படியொரு மடிப்பு அங்கே கிடையவே கிடையாது.

அதனால் மாணவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டேன்: கருமைக் கனியத்தைக் கண்ணால் காணாத எந்தத் தளத்திலும் கருவியை வைக்கக் கூடாது. மலையின் பக்கவாட்டில் பாறை உடைந்து நிமிர்ந்து நிற்கும் முகங்களைத் தேடினோம். அங்கே கருமைக் கனியங்களான பயோட்டைட்டும் ஹோர்ன்பிளெண்டும் செறிந்த கோடுகள் தெரிந்தன. ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் கிடைப்பது தோற்றச் சாய்வு. அது மெய்ச் சாய்வுக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்கும். எனவே ஒன்றுக்கொன்று கோணத்தில் நிற்கும் இரண்டு முகங்களில் ஒரே பட்டையைப் பின்தொடர்ந்து, இரண்டு அளவீடுகளையும் இணைத்து மெய்யான தளத்தைக் கணித்தோம். மலையைச் சுற்றி எடுத்த அளவீடுகள் எல்லாம் ஒரு கதையைச் சொன்னன. நைஸ் ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. மேற்கு நோக்கி 60 பாகையை ஒட்டிச் சாய்கிறது. மலையின் இரு சரிவுகளிலும் அதே சாய்வு.

பாறையின் பெரும்பகுதி வெளிர் சாம்பல் நிறக் கிரனைட் நைஸ். இடையிடையே பெரிய பெல்ஸ்பார் படிகங்கள் மின்னும் பெக்மடைட் நரம்புகள். மலையின் கிழக்கடியில் ஹோர்ன்பிளெண்ட் நிறைந்த, கரும்பச்சை நிறமான அம்பிபோலைட் என்ற பாறையின் பட்டை ஒன்று நைஸோடு சேர்ந்து அதே திசையில் ஓடியது. அது மற்றவற்றைவிட எளிதாக உக்கியிருந்தது. கைச்சுத்தியலின் கூர்முனையால் கிளறினாலே உதிர்ந்தது. ஆழமாக உக்கும் பாறையில் நீர் தங்கும் என்பதால் அதை வடக்கே கிராமத்தை நோக்கிப் பின்தொடர்ந்தோம்.

சாய்வு எண் எதற்கு என்று கமக்காரர் அமைப்பின் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பட்டை மேற்கே 60 பாகை சாய்ந்தால், 30 மீற்றர் ஆழத்தில் அது மேற்பரப்பில் தெரியும் இடத்துக்கு நேர்கீழே இருக்காது. ஏறத்தாழ 17 மீற்றர் மேற்கே தள்ளியிருக்கும். பட்டை தெரியும் இடத்துக்குக் கிழக்கே குழாய்க்கிணறு துளைத்தால் எவ்வளவு ஆழம் போனாலும் அதைத் தொட முடியாது. தரையில் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டியவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு சாய்வு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பக்கம் என்று அவரே முதலில் கேட்டார்.

பாறை தெரியாத நிலம்

மலையைவிட்டு இறங்கியதும் சிரமம் தொடங்கியது. கிராமம் இருக்கும் மேட்டு நிலத்திலும் அதன் கீழ்ப்பக்க வட்டையிலும் (வயல்வெளியிலும்) பாறை தலைகாட்டும் இடங்கள் மிகக் குறைவு. ஆங்காங்கே கிடப்பவை தனிக்கற்கள். தனிக்கல் வரைபடக்காரரின் எதிரி. அது வேர்விட்ட பாறையின் தலையா, உருண்டு வந்ததா, மனிதர் கொண்டுவந்து போட்டதா என்பது தெரியாமல் அதைத் தாளில் பதியக் கூடாது. படுவான்கரையில் கற்கள் நிறையவே இடம் மாறியிருக்கின்றன: குளக்கட்டுக்கு, வரம்புக்கு, கோயில் படிக்கு, போர்க்காலத்தில் காவலரணுக்கு.

இங்கேதான் இந்த ஆய்வு எனக்குச் சொன்ன முக்கியமான செய்தி இருக்கிறது. பாறை தெரியாத நிலத்தில் கிணறுகளே வெளித்தெரியும் பாறைகள். ஒவ்வொரு கிணறும் நிலத்தை நேராக வெட்டிப் பார்த்த ஒரு சன்னல். உட்சுவரில் கட்டு இல்லாத கிணறுகளில் எட்டிப் பார்த்தாலே உக்கல் மண் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது, வெடிப்புகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரியும். கட்டிய கிணறானால் அதை வெட்டும்போது எடுத்துக் கொட்டிய கல் அருகிலேயே கிடக்கும். அந்தக் கல் துவைக்கும் கல்லாகவோ ஆட்டுப்பட்டியின் சுவராகவோ மாறியிருந்தாலும் வளவை விட்டுப் போவது அரிது. நாங்கள் வீடு வீடாகச் சென்று, இந்தக் கல் இந்தக் கிணற்றில் வந்ததுதானா என்று கேட்டு, உறுதியாகச் சொல்லப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். உடைத்துப் புதிய முகத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பார்த்து, கிணற்றின் இலக்கத்தோடு பதிந்தோம்.

கிராமத்துக் கிணறுகளில் பெரும்பாலானவற்றை வெட்டிய முதியவர் எங்களோடு நடந்தார். கண்பார்வை மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் அலவாங்கு பாய மறுத்தது, எங்கே வெடி வைக்க வேண்டியிருந்தது, எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து முதல் ஊற்று வந்தது என்று வரிசையாகச் சொன்னார். இரண்டு கிணறுகளில் அவர் சொன்ன ஆழங்களைக் கயிறு விட்டுச் சரிபார்த்தோம், சரியாக இருந்தன. பாதையருகே வந்தபோது நின்றார். “தம்பி, இந்தப் பற்றைக்குள் இன்னொரு கிணறு கிடக்கிறது. நான் வெட்டியதுதான். தண்ணீர் வரவில்லை. சாம்பல் களி வந்தது, அதற்குக் கீழே கறுப்புக் கல். அந்தக் கல்லில் வெடியும் எடுபடவில்லை,” என்றார்.

அந்தக் கிணறு யாருடைய பட்டியலிலும் இல்லை. காணிக்காரர் 2007 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. குப்பையும் மண்ணும் நிரம்பி ஒரு பள்ளமாகக் கிடந்தது. சுற்றிலும் கொட்டியிருந்த கல்லைப் பார்த்ததும் நான் குனிந்துவிட்டேன். கிராமத்தில் அதுவரை பார்த்த எந்தப் பாறையும் அது இல்லை.

கறுப்புக் கல்

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. அம்பிபோலைட்டும் கறுப்பு, ஆனால் அதில் ஹோர்ன்பிளெண்ட் படிகங்கள் ஒரே பக்கமாக அடுக்கியிருக்கும், வெயிலில் திருப்பினால் ஒன்றாக மின்னும். பள்ளத்தருகே கிடந்த கல்லில் அடுக்கு எதுவும் இல்லை. மிக நுண்ணிய மணிகள். கைவில்லையில் பார்த்தால் சிறு சிறு ஊசிகளாகப் பெல்ஸ்பார், திசைக்கொன்றாகச் சிதறியபடி. கையில் எடுத்தால் நைஸைவிடப் பாரம். உடைத்த தூளில் காந்தப் பேனையை வைத்தால் துகள்கள் ஒட்டின. வெளித்தோல் பழுப்பாக உக்கி, உருண்டை உருண்டையாக உரிந்திருந்தது. இவையெல்லாம் டொலரைட்டின் அடையாளங்கள். உருகிய பாறைக்குழம்பு நைஸில் விழுந்த பிளவுக்குள் ஏறி, இறுகி, செங்குத்தான சுவராக நிற்கும் அமைப்பை டைக் என்பார்கள். கிழக்கின் விஜயன் பாறைகளை இத்தகைய டொலரைட் டைக்குகள் ஆங்காங்கே வெட்டிச் செல்வது அறியப்பட்டதுதான். நைஸ் உருமாறி முடிந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, கோண்டுவானா பிளந்த காலத்தோடு அவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

கல் டொலரைட் என்பது ஒன்று. அது அங்கே சுவராக நிற்கிறது என்பது வேறு. ஒரு பள்ளத்தின் கல்லை வைத்து ஒரு சுவரை வரைந்துவிட முடியாது. அதனால் மேட்டு நிலம் முழுவதும் கிழக்கு மேற்காக, அடுத்தடுத்த கோடுகளில் நடந்தோம். கறுப்பு உருண்டைக் கல் கண்ட ஒவ்வொரு இடத்தையும் ஜி.பி.எஸ். இல் குறித்தோம். காணாத இடத்தை ‘இல்லை’ என்று குறிப்பதும் அதே அளவு முக்கியம். பலர் அதை எழுதுவதில்லை. மாலையில் தாளில் புள்ளிகளை இட்டபோது அவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரே வரிசையில் விழுந்தன. வரிசைக்கு வெளியே அநேகமாக ஒன்றுமில்லை. அந்த வரிசை சரிவைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. வெள்ளம் உருட்டிவந்த கல்லானால் சரிவின் வழியே கிடந்திருக்கும். மண்ணும் ஒத்துப்போனது: நைஸின் மேல் சாம்பல் நிற மணல்மண், கறுப்புக் கல் வரிசையில் மட்டும் செம்பழுப்புக் களி. மாட்டுவண்டிப் பாதைகூட அந்த வரிசையை ஒட்டியே வளைகிறது. கல்லை விலக்கி வண்டி ஓட்டிய பல தலைமுறையினர் டைக்கின் ஓரத்தைத் தங்களை அறியாமலே தரையில் கீறியிருக்கிறார்கள்.

செய்மதிப் படத்திலும் அந்தத் திசையில் மங்கலான ஒரு கோடு தெரிந்தது. அதை நான் சான்றாகச் சேர்க்கவில்லை. யானை வேலியும் பழைய பாதையும் காணி எல்லையும் படத்தில் நேர்கோடுகளாகவே தெரியும். நிலத்தில் கால் வைத்து உறுதிசெய்யாத கோட்டை நம்பிக் கிணறு வெட்டச் சொல்வது மற்றவர் பணத்தில் சூதாடுவது.

தீர்க்கமான சான்று வடமேற்கில், ஓடை ஒன்றின் வறண்ட அடியில் கிடைத்தது. மணலை மண்வெட்டியால் ஒதுக்கியபோது நைஸும் டொலரைட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம் வெளிப்பட்டது. வடக்கு நோக்கி ஓடிவந்த நைஸ் பட்டைகள் கறுப்புப் பாறையில் மோதி அறுந்து நின்றன. மறுகரையில் மீண்டும் தொடர்ந்தன. தொடுமிடத்தை ஒட்டி டொலரைட்டின் மணிகள் இன்னும் நுண்மையாக, ஏறத்தாழக் கண்ணாடி போல் இறுகியிருந்தன. குளிர்ந்த நைஸைத் தொட்ட குழம்பு விரைவாக உறைந்ததன் அடையாளம் அது. தொடுதளம் வடமேற்குத் தென்கிழக்காக, கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. நைஸில் அந்தத் தொடுதளத்துக்கு இணையாக நெருக்கமான வெடிப்புகள் ஓடின. டைக்கின் அகலத்தை நாடாவால் அளந்தோம்: பதினைந்து மீற்றரை ஒட்டியது. 1:100,000 வரைபடத்தில் அது ஒரு மில்லிமீற்றரின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

நீர் என்ன சொன்னது

நிலத்தடி நீர் இங்கே மேற்கிலிருந்து கிழக்காக வாவியை நோக்கி மெல்ல நகர்கிறது. வறண்ட வலயத்தின் கடினப் பாறை நிலங்களில் அந்த நீர் பெரும்பாலும் மேலேயுள்ள உக்கல் மண்ணிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. உக்கல் மண் பத்து மீற்றரைத் தாண்டுவது அரிது. களியாக உக்கிய டொலரைட் டைக் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு நிலத்தடி அணைக்கட்டாக நின்றால், மேற்பக்கத்தில் நீர் தேங்கும், கீழ்ப்பக்கம் காயும். இது கருதுகோள். சோதிக்க வேண்டியிருந்தது.

வேறு விளக்கங்களும் சாத்தியமே. மேற்கே ஒரு சிறு குளம் இருக்கிறது. அதன் கசிவு மேற்குக் கிணறுகளைக் காப்பாற்றலாம். ஆனால் குளம் ஆடியில் வெடித்துக் கிடக்கும்போதும் அந்தக் கிணறுகளில் நீர் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மேற்கில் உக்கல் மண் ஆழம் அதிகமாக இருக்கலாம்; கிணறு வெட்டியவரின் கணக்கில் இரு பக்கமும் பாறை ஏறக்குறைய ஒரே ஆழத்தில்தான் தொடங்குகிறது. டைக்கே காரணம் என்றால் ஒரு அடையாளம் இருக்க வேண்டும்: நீர்மட்டம் மேற்கிலிருந்து கிழக்காகச் சீராக இறங்காமல் டைக்கின் இடத்தில் படியாக விழ வேண்டும்.

அதை அளக்கக் கிணற்று விளிம்புகளின் உயரம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தெரிய வேண்டும். கையடக்க ஜி.பி.எஸ். இன் உயர அளவீடு இதற்கு உதவாது. அதன் பிழையே நாம் தேடும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். கிராமத்து மேசன் ஒருவர் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டுவந்தார். அத்திவாரம் மட்டம் பார்க்கும் அதே குழாய். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அதைக் கொண்டே மட்டத்தைக் கடத்தினோம். கோடையின் நடுவில், விடியற்காலையில், யாரும் நீர் அள்ளத் தொடங்குமுன், எல்லாக் கிணறுகளிலும் ஒரே காலையில் நீர்மட்டத்தை அளந்தோம். ஒரே பக்கத்துக் கிணறுகளுக்கிடையே வேறுபாடு சில பத்துச் சென்ரிமீற்றர். டைக்கைத் தாண்டியதும் இரண்டு மீற்றருக்கு மேல் இறக்கம். படி இருந்தது, டைக் வரைந்த இடத்திலேயே இருந்தது.

கோடு வரைதல்

இறுதி வரைபடத்தில் டைக்கைக் கறுப்பாக வரைந்தோம். கையால் தொட்ட இடத்தில் முழுக்கோடு, கிணற்றுக் கல்லும் மண்ணும் சேர்ந்து சொன்ன இடத்தில் நீண்ட துண்டுக்கோடு, ஊகித்து நீட்டிய இடத்தில் புள்ளிக்கோடு. இந்த வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் முழுக்கோடாக வரைந்தால் வரைபடம் அழகாக இருக்கும். அதை நம்பிக் காசு செலவழிக்கும் கமக்காரருக்கு எந்த இடத்தில் ஆபத்து என்று தெரியாது. தாளின் கீழே கிழக்கு மேற்காக ஒரு குறுக்குவெட்டு வரைந்தோம். கிராமத்துக் கூட்டத்தில் வரைபடத்தைவிட இந்தக் குறுக்குவெட்டைத்தான் அதிகம் பேர் சூழ்ந்து பார்த்தார்கள்.

எங்கள் பரிந்துரை டைக்கின் மேற்கே, அதிலிருந்து சிறிது தள்ளி, அம்பிபோலைட் பட்டை டைக்கைச் சந்திக்கும் மூலை. உக்கிய பாறை, வெடிப்புகள், தேங்கும் நீர் மூன்றும் அங்கே சேர்கின்றன. அந்த மூலை தனியார் காணிக்குள் விழுந்ததால், அம்பிபோலைட்டின் வழியே தெற்கே நகர்ந்து வீதியோரப் பொது நிலத்தில் ஓர் இடத்தைக் குறித்தோம். நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும் ஆவணியில் வெட்டச் சொன்னோம். மாரியில் வெட்டும் கிணறு சிறிது ஆழத்திலேயே நிறைந்துவிடும், வெட்டியவர்கள் மகிழ்ந்து நிறுத்திவிடுவார்கள், கோடையில் வற்றும். ஆவணியில் வெட்டினார்கள். எதிர்பார்த்த உக்கிய கரும்பச்சைப் பாறை வந்தது, அதன் வெடிப்புகளிலிருந்து நீர் வந்தது. மின்தடைக் கருவியை அழைக்கத் தேவைப்படவில்லை. அடுத்த கோடையிலும் அந்தக் கிணறு வற்றவில்லை.

இரண்டு விடயங்களை எழுத்திலேயே கொடுத்தோம். முதலாவது நீரின் தரம். பயோட்டைட், ஹோர்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய கனியங்களில் புளோரைட் இருக்கக்கூடும். பாறையோடு நெடுநாள் தங்கும் நீரில் அது கரைந்து சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அம்பிபோலைட்டில் வெட்டிய கிணறு என்பதால் குடிக்கத் தொடங்குமுன் ஆய்வுகூடப் பரிசோதனை கட்டாயம் என்றோம். ஆழமான குழாய்க்கிணறு தேவைப்பட்டால் அதற்கு இன்னும் கட்டாயம். சிறுவர்களின் பல்லில் கறை விழுந்த பிறகு திருத்த வழியில்லை.

இரண்டாவது டைக்கின் பாதுகாப்பு. கறுப்புக் கல் வீதிக்குப் போடும் சல்லிக்கு மிக நல்லது; அதை உடைக்கும் யோசனை ஒருவருக்கு ஏற்கெனவே இருந்தது. தரைமேல் உருண்டு கிடக்கும் கற்களை எடுப்பதால் நீருக்குப் பாதிப்பு இல்லை. சுவரையே தோண்டி ஊடறுத்தால் மேற்குப் பக்கத்து நீர் அந்த வாயிலாலேயே வடிந்துவிடும். கல்குவாரிக்கு அனுமதி கேட்கும் நிலை வந்தால் இந்த வரைபடத்தைப் பிரதேச செயலகத்திலும் பணியகத்திலும் முன்வைக்கும்படி ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்பின் கோவையில் சேர்த்தோம்.

கூட்டத்தில் எழுந்த கடினமான கேள்வி பாறையைப் பற்றியது அல்ல. பொதுக் கிணறும் மேற்கே போய்விட்டால் கிழக்குப் பக்கத்துக் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தாய் எழுந்து கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி; கோடையில் குடம் சுமப்பவர்கள் கிழக்குப் பக்கத்தவர்களே. கிழக்கே புதிதாக வெட்டுவதில் பயனில்லை என்று வரைபடம் சொல்கிறது. அதே வரைபடம் மேற்கே தேங்கும் நீர் இயல்பாகக் கிழக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நீர் என்றும் சொல்கிறது. இதை நான் வெளிப்படையாகச் சொன்னேன். நீண்ட பேச்சுக்குப் பிறகு, பொதுக் கிணற்றிலிருந்து கிழக்கே குழாய் போட்டுத் தொட்டி கட்டுவதற்கும், கோடையில் மேற்குப் பக்கத் தோட்டங்களுக்கு மோட்டார் இறைக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் உடன்பட்டார்கள். குழாய் போடப்பட்டுவிட்டது. இறைக்கும் நேரத்தைப் பற்றிய இழுபறி ஒவ்வொரு ஆடியிலும் தொடர்கிறது.

வரைபடத்தின் தென்கிழக்குப் பகுதி இன்னும் புள்ளிக்கோடாகவே இருக்கிறது. டைக் அங்கே வயல் வண்டலுக்குள் மறைகிறது. வட்டையில் கிணறு எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தில் யாராவது கிணறோ அத்திவாரமோ ஆழமாகத் தோண்டினால், கடைசியாக வந்த கல்லில் ஒரு துண்டை எடுத்து வைத்து, தோண்டிய ஆழத்தோடு கமக்காரர் அமைப்பில் பதியும்படி கேட்டிருக்கிறோம். அதற்கென ஒரு கொப்பி அங்கே திறந்திருக்கிறது. முதல் இரண்டு பதிவுகளும் நைஸ். கோடு அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே போக வேண்டும்.